மேலும் கீழும் காட்டும் பூச்சி டப்பா: ஒரு சில்வண்டுப் பருவம் முழுக்கப் பயன்படுத்திய பிறகு

பேத்தியின் பத்தாவது பிறந்தநாளுக்கு வாங்கிய பொருள் இது. ஆனால் 2025 மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை பெரும்பாலும் என் தோள்பையில்தான் கிடந்தது. விலை பதினைந்து டாலருக்குள். இதே அமைப்பில் பல கம்பெனிகள் போடுகின்றன, அதனால் பெயர் சொல்லவில்லை. அமைப்பைச் சொல்கிறேன், பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

உள்ளங்கையில் நிற்கிற உயரம். மேலே ஒரு வட்ட அறை, அதன் மூடியில் ஒரு லென்ஸ். அறையின் தரையும் மூடியைப் போலவே ஊடே பார்க்கக்கூடிய பிளாஸ்டிக். தரைக்குக் கீழே சாய்வாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அதற்கு எதிரே, டப்பாவின் பக்கவாட்டில், இரண்டாவது லென்ஸ். மூடி வழியாகப் பார்த்தால் பூச்சியின் முதுகு தெரியும். பக்கத்து லென்ஸில் கண்ணை வைத்தால் வயிறு தெரியும். பூச்சியைப் புரட்ட வேண்டாம், இறக்கையைப் பிடித்துத் தூக்க வேண்டாம். குழந்தைகள் பொம்மை வரிசையில்தான் விற்கிறார்கள். பதினேழு வருடம் மண்ணுக்குள் வளர்ந்து வெளியே வரும் சில்வண்டை (சிக்காடாவை) இனம் பிரிக்க இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இதுவரை கையில் பிடித்ததில்லை.

ஏன் வயிறு என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது ஒஹாயோவில், சின்சினாட்டிக்குக் கிழக்கே கிளெர்மான்ட் கவுன்டியில். ஒரே வருடத்தில் சேர்ந்து எழும் சில்வண்டுக் கூட்டத்தைப் புரூட் என்று எண் போட்டு அழைக்கிறார்கள். 2025-ல் இங்கே மண்ணிலிருந்து வந்தது புரூட் 14. இதற்குமுன் 2008-ல் வந்தது, அடுத்து 2042-ல் வரும். 1634-ல் பிளிமத் குடியேற்றத்து மக்கள் பார்த்துத் திகைத்துப்போனதும் இதே கூட்டத்தைத்தான். 1634-லிருந்து பதினேழு பதினேழாக 23 தடவை கூட்டிப் பாருங்கள், சரியாக 2025-ல் வந்து நிற்கும். எனக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கிறது.

கூட்டம் ஒன்றுதான், இனம் மூன்று. செப்டென்டெசிம், காசினி, செப்டென்டெகுலா. மூன்றும் ஒரே வருடத்தில், ஒரே வாரங்களில், பல இடங்களில் ஒரே மரத்தில் ஏறுகின்றன. மேலிருந்து பார்த்தால் மூன்றுக்கும் கரிய முதுகு, சிவப்புக் கண், ஆரஞ்சு நரம்போடிய இறக்கை. செப்டென்டெசிம் கொஞ்சம் பெரிது. ஆனால் அந்த அளவு வித்தியாசம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கண்ணுக்குப் படும்.

வயிற்றைப் பார்த்துவிட்டால் குழப்பம் இல்லை. செப்டென்டெசிம்முக்கு அடிவயிறு அகலமான ஆரஞ்சுப் பட்டைகளாக இருக்கும், பார்த்ததும் ஆரஞ்சு என்றுதான் சொல்வோம். காசினிக்கு அடிவயிறு கறுப்பு. செப்டென்டெகுலாவுக்குக் கறுப்பு வயிற்றில் மெல்லிய ஆரஞ்சுக் கோடுகள், அளவெடுத்து வரைந்த மாதிரி. இன்னொரு அடையாளம் பக்கவாட்டில் இருக்கிறது. கண்ணுக்கும் இறக்கை முளைக்கும் இடத்துக்கும் நடுவே செப்டென்டெசிம்முக்கு மட்டும் ஓர் ஆரஞ்சுத் திட்டு. மற்ற இரண்டுக்கும் அந்த இடம் கறுப்பு. மூன்றாவது இனத்தைத் தனியாகப் பிரித்து 1962-ல் எழுதியவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸாண்டரும் மூரும். அத்தனை நூற்றாண்டுகளாக லட்சக்கணக்கில் கண் முன்னால் பறந்த பூச்சிக்குள் ஓர் இனம் அவ்வளவு காலம் தனிப்பெயர் இல்லாமல் இருந்திருக்கிறது.

குரலைக் கேட்டே பிரிக்கலாமே என்பீர்கள். பிரிக்கலாம், அதுதான் சிறந்த வழியும்கூட. செப்டென்டெசிம் ஒரே சுருதியில் 'வ்வீ...' என்று இழுத்துக் கடைசியில் 'யோ' என்று கீழே விழும். ஆங்கிலக்காரர்களுக்கு அது 'ஃபேரோ' என்று கேட்கிறது. ஆயிரக்கணக்கில் சேர்ந்து பாடும்போது தூரத்து ஆலையின் ரீங்காரம் போல் ஆகிவிடும். காசினி சில தடவை 'டிக் டிக்' என்று தட்டிவிட்டு 'ஷ்ஷ்ஷ்' என்று சீறும். ஒரு மரத்துக் காசினிகள் எல்லாம் சேர்ந்து சீறி, சேர்ந்து அடங்கும், அடங்கிய நொடியில் பல பூச்சிகள் இடம் மாறிப் பறக்கும். அலை அடித்து ஓய்வது போல. செப்டென்டெகுலாவோ 'ட்சிக் ட்சிக் ட்சிக்' என்று, புல்வெளிக்குத் தண்ணீர் பீய்ச்சும் குழாய் சுற்றுகிற தாளத்தில் தட்டும்.

இதில் எனக்கு ஒரு தடை இருக்கிறது. எனக்கு 67 வயது. வயதாகும்போது காதிலிருந்து முதலில் நழுவுவது மேல் சுருதிகள்தான். செப்டென்டெசிம் குரல் ஏறத்தாழ 1.3 கிலோஹெர்ட்ஸ், எனக்கு நன்றாகக் கேட்கிறது. காசினியும் பரவாயில்லை. செப்டென்டெகுலா எல்லாவற்றுக்கும் மேல் சுருதி. மற்ற இரண்டும் பாடிக்கொண்டிருக்கும்போது என் காதில் அது விழுவதே இல்லை. 2021-ல் புரூட் 10 வந்தபோது சின்சினாட்டியில் எத்தனையோ நாள் மரத்தடியில் நின்றேன், ஒரு செப்டென்டெகுலாவைக்கூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முப்பது வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தியவன் நான். அந்த வருத்தம் நான்கு வருடம் மனதில் இருந்தது. காது விட்ட இடத்தைக் கண்ணால் பிடிக்கலாமா என்ற யோசனையில்தான் இந்த டப்பாவைப் பார்த்ததும் நின்றேன்.

சரி, பொருளுக்கு வருகிறேன்.

முதலில் வந்த டப்பாவில் கீழ்க்கண்ணாடி ஒட்டு விட்டு ஆடியது. விற்றவர்களிடம் படத்துடன் எழுதினேன், எட்டு நாள் கழித்து வேறொன்று அனுப்பினார்கள். சில்வண்டுப் பருவம் மொத்தமே ஐந்தாறு வாரம், அதில் எட்டு நாள் பெரிது. ஆகவே ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள். மண் எட்டு அங்குல ஆழத்தில் 64 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டு, கூடவே ஒரு மழையும் பெய்துவிட்டால் அவை காத்திருக்காது.

முதல் வாரம் நான் செய்த தப்பு: பூச்சிக்கு இடம் சௌகரியமாக இருக்கட்டும் என்று டப்பாவுக்குள் ஒரு குச்சியை வைத்தேன். சில்வண்டு ஓடிப்போய்க் குச்சியைக் கட்டிக்கொண்டது. எதைப் பார்க்க டப்பா வாங்கினேனோ அந்த வயிறு குச்சிக்குப் பின்னால் போய்விட்டது. குச்சியை எடுத்துவிட்டேன். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் அதன் நகங்களுக்குப் பிடிமானம் இல்லை, சுவரில் ஏற முயன்று சறுக்கி, கடைசியில் தரையிலேயே உட்கார்ந்துவிடும். அந்த ஒரு நிமிடம் போதும்.

அடுத்தது வெளிச்சம். கீழ்ப்பகுதி கறுப்புப் பிளாஸ்டிக், உள்ளே இருட்டு. மர நிழலில் நின்று பார்த்தால் எல்லா வயிறும் காசினி போலத்தான் தெரியும். பல தடவை திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு வழி கண்டோம். சூரியன் நம் தோளுக்குப் பின்னால் இருக்கும்படி கொஞ்சம் பக்கவாட்டாக நின்றால், வெளிச்சம் பக்கத்து லென்ஸ் வழியே உள்ளே போய்க் கண்ணாடியில் பட்டு நேரே வயிற்றில் விழுகிறது. ஆரஞ்சு அப்போது பளிச்சென்று எழும். ஆனால் வெயிலில் அரை நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். மூடியில் இருக்கும் காற்றுத் துளைகள் சின்னவை, உள்ளே சீக்கிரம் சூடாகிறது. பார்த்தவுடன் நிழலுக்கு வந்து, எடுத்த மரத்திலேயே விட்டுவிடுவோம்.

இந்தப் பொருளின் உண்மையான குறை தரையில் அச்சடித்திருக்கும் கட்டங்கள். பூச்சியின் நீளம் அளக்க என்று கறுப்புக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருக்கிறார்கள். முதல் நாளே செப்டென்டெகுலா கிடைத்துவிட்டது என்று குதித்தேன். கறுப்பும் ஆரஞ்சுமாக மெல்லிய வரிகள், அவ்வளவு தெளிவு. நோட்டில் தேதி போட்டு எழுதினேன். அடுத்த நாள் இன்னொன்று, அதற்கடுத்த நாள் இன்னொன்று.

மூன்றாவதைப் பேத்தி கையில் வாங்கி, டப்பாவை லேசாகத் தட்டினாள். பூச்சி கால் வட்டம் திரும்பியது.

"தாத்தா, பூச்சி திரும்பிடுச்சு. கோடு திரும்பலை."

வாங்கிப் பார்த்தேன். சில்வண்டு குறுக்காக நிற்கிறது, கறுப்புக் கோடுகள் அதே இடத்தில் நேராக நிற்கின்றன. செப்டென்டெசிம்மின் அகன்ற ஆரஞ்சு வயிற்றின்மீது தரைக் கட்டங்கள் விழுந்து அதை மெல்லிய வரிகளாக நறுக்கிக் காட்டியிருக்கின்றன. கண்ணுக்குப் பின்னால் பார்த்தேன், ஆரஞ்சுத் திட்டு அங்கே அழகாக இருந்தது. அதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். நோட்டில் மூன்று பதிவுகளையும் அடித்துத் திருத்தினேன். அன்றிலிருந்து எங்கள் பழக்கம் இது: பூச்சியை ஒரு தடவை திருப்பு, அதோடு சேர்ந்து திரும்புவது மட்டுமே அதன் உடம்பில் இருப்பது. தயாரிக்கிறவர்கள் அந்தக் கட்டங்களைத் தரையின் ஓரத்தில் மட்டும் போட்டால் இந்த டப்பாவுக்கு நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

கண்ணாடியில் இடவலம் மாறித் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். வயிற்று நிறத்துக்கு அது பொருட்டில்லை. ஆனால் இடது இறக்கை சுருங்கியிருக்கிறது என்று குறிப்பெழுதினால் அது வலது இறக்கை.

ஆண், பெண் பிரிப்பதும் சுலபம். பெண்ணின் வயிற்று நுனி கூராக இருக்கும், நடுவில் முட்டையிடும் ஊசி மடங்கியிருக்கும் பள்ளம் தெரியும். ஆணுக்கு நுனி மழுங்கலாக முடியும். ஆணை டப்பாவில் போட்டதும் பெரும்பாலும் 'க்ரீச்' என்று கத்தும். அது காதல் பாட்டு இல்லை, பிடிபட்டதால் வரும் அலறல். அதனால் ஆண்களை இன்னும் சீக்கிரமாக விட்டுவிடுவோம்.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு ஆண் டப்பாவில் கத்தவே இல்லை. மேலிருந்து பார்த்தால் நல்ல பூச்சி. கீழ் லென்ஸில் பார்த்தபோது வயிற்றின் கடைசிப் பகுதியையே காணோம். அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டி அடைத்தது போல் வெள்ளையாக ஒன்று. மாசோஸ்போரா என்ற பூஞ்சை. இது பதினேழு வருடச் சில்வண்டின் வயிற்றைத் தின்று, அதன்பின்னும் பூச்சியைப் பறக்க விடுகிறது, பறக்கிற இடமெல்லாம் வித்துகள் தூளாகக் கொட்டும். நோய் கண்ட ஆண்கள் பெண்ணைப் போல இறக்கையைச் சொடுக்கி மற்ற ஆண்களை வரவழைக்கின்றன, வந்தவற்றுக்கும் தொற்றுகிறது. பூச்சியின் உடம்பில் கேத்தினோன் என்ற ஊக்கப்பொருள் இருப்பதையும் 2019-ல் கண்டுபிடித்தார்கள். நான் அந்த டப்பாவைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துவிட்டுத்தான் அடுத்ததை வைத்தேன். அறை தனியாகக் கழன்று வருகிறது, கழுவ வசதி. இதற்காகத் தயாரித்தவர்களுக்கு நன்றி.

இப்போது அந்த செப்டென்டெகுலா.

ஜூன் இரண்டாம் வாரம், ஒரு காலை, பதினோரு மணி இருக்கும். மேட்டுப்பாங்கான காட்டு ஓரம், ஹிக்கரி மரங்கள் நிற்கிற இடம். செப்டென்டெகுலாவுக்கு ஹிக்கரியும் வால்நட்டும் பிடிக்கும் என்று படித்திருந்ததால் அங்கேயே நான்கு நாளாகப் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு செப்டென்டெசிம்மின் ரீங்காரம் மட்டும் கேட்கிறது.

"தாத்தா, அந்த மரத்துல வேற ஒண்ணு கத்துது. ட்சிக் ட்சிக்னு."

"எந்தப் பக்கம்மா?"

கையைக் காட்டினாள். எனக்குக் கேட்கவில்லை. போனை மரத்தை நோக்கிப் பிடித்து, ஒலியைப் படமாகக் காட்டும் செயலியைத் திறந்தேன். கீழே செப்டென்டெசிம்மின் தடித்த பட்டை. அதற்கு வெகு மேலே, இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, சீப்புப் பல் போலச் சின்னச் சின்னக் கீற்றுகள். என் காது எட்டாத இடத்தில் அது தட்டிக்கொண்டிருந்தது. நான் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் பூச்சி இருப்பதோ உச்சாணிக் கிளையில். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அப்புறம் தாழ்ந்த ஒரு கிளையில், பேத்தியின் தோள் உயரத்தில், சின்னதாக ஒன்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்தோம். கண்ணுக்கும் இறக்கைக்கும் நடுவே ஆரஞ்சு இல்லை. அப்படியானால் காசினியாக இருக்கலாம். டப்பாவை அடியில் வைத்து, மூடியால் மெதுவாகத் தள்ளி, உள்ளே விட்டேன். வெயிலுக்குத் தோளைத் திருப்பி, பக்கத்து லென்ஸில் கண்ணை வைத்தேன்.

கறுப்பு வயிறு. ஒவ்வொரு வளையத்தின் ஓரத்திலும் ஒரே அகலத்தில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. டப்பாவைத் தட்டினேன். பூச்சி திரும்பியது. கோடுகளும் திரும்பின. இன்னொரு தடவை தட்டினேன், மறுபடியும் கூடவே திரும்பின. பேத்தியிடம் கொடுத்தேன். அவள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கீழ் லென்ஸில் போன் கேமராவை ஒட்டி வைத்தால் படம் நன்றாக வருகிறது, ஓரம் மட்டும் கொஞ்சம் வளையும். அந்தப் படத்தையும் முதுகுப் படத்தையும் சிக்காடா சஃபாரி செயலியில் ஏற்றினோம். சின்சினாட்டியிலேயே இருக்கும் மவுண்ட் செயின்ட் ஜோசஃப் பல்கலைக்கழகத்தில் ஜீன் கிரிட்ஸ்கி 2019-ல் தொடங்கியது அது. இலவசம். மக்கள் அனுப்பும் படங்களைச் சரிபார்த்த பிறகே வரைபடத்தில் ஏற்றுகிறார்கள். 2021-ல் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் படங்கள் வந்தன. நம் படமும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக நிற்பது பெரிய சந்தோஷம். இடமும் தேதியும் சேர்ந்த படம் ஏன் முக்கியம் என்றால், இந்தப் பூச்சிகளில் சில நான்கு வருடம் முன்னதாகவே வந்துவிடும். 2017-ல் புரூட் 10-இன் பூச்சிகள் பல ஊர்களில் அப்படி எழுந்தன. எங்கே எது எழுகிறது என்பதை அந்தந்த வருடமே எழுதி வைக்காவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது.

டப்பாவால் முடியாததையும் சொல்ல வேண்டும். சட்டை உரித்து வெளியே வந்த புதுப்பூச்சியை இதில் வைக்கவே கூடாது. அந்த இரவு அது பால்வெள்ளையாக, மெத்தென்று, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புத் திட்டோடு தொங்கும். இறக்கை காயும் முன் எங்காவது இடித்தால் ஆயுளுக்கும் கோணல்தான். அதைத் தள்ளி நின்று பாருங்கள். அப்புறம், தெற்கே பதின்மூன்று வருடக் கூட்டங்கள் இருக்கும் மாநிலங்களில் வயிறு மட்டும் போதாது. காசினியையும் பதின்மூன்று வருடத்து ட்ரெடெகாசினியையும் உருவத்தாலும் பிரிக்க முடியாது, குரலாலும் முடியாது. எந்த வருடம், எந்த ஊர் என்பதுதான் தீர்க்கும். 2024-ல் பதினேழு வருடத்துப் புரூட் 13-உம் பதின்மூன்று வருடத்துப் புரூட் 19-உம் 221 வருடத்துக்குப் பிறகு சேர்ந்து வந்தபோது இலினாய்க்குப் போனவர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ் என்னிடம் முன்பே இருக்கிறது. அது பூவுக்கும் பாசிக்கும் நல்லது. உயிரோடு நெளியும் சில்வண்டைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு ஓர் அங்குல தூரத்தில் லென்ஸை வைத்துப் பார்ப்பது பூச்சிக்கும் துன்பம், நமக்கும் ஒன்றும் தெரியாது. டப்பாவின் லென்ஸ் மூன்று மடங்குதான் இருக்கும், இந்த வேலைக்கு அது தாராளம்.

பிளாஸ்டிக் சீக்கிரம் கீறல் விழுகிறது, ஆறு வாரத்தில் மூடி கொஞ்சம் மங்கிவிட்டது. மூடியின் திருகு இறுக்கம், குழந்தை வேகமாகத் திருகினால் இறக்கை நுனி மாட்டிக்கொள்ளும், பெரியவர்கள் மூடுவது நல்லது. ஐந்துக்கு நான்கு தருகிறேன், ஒரு புள்ளி அந்தக் கட்டங்களுக்காகக் குறைத்தது.

அளவில் ஒரு குறிப்பு: அறையின் குறுக்களவு இரண்டரை அங்குலமாவது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பதினேழு வருடப் பூச்சிக்கு அது போதும். ஜூலையில் பச்சை நிற வருடாந்திரச் சில்வண்டு ஒன்று கொல்லைப்புறக் கதவில் வந்து உட்கார்ந்தது. எங்கள் டப்பாவில் வைத்தோம், இறக்கை இரண்டு பக்கமும் சுவரில் முட்டியது. உடனே திறந்து விட்டுவிட்டோம். அதற்கு இதைவிடப் பெரிய டப்பா வேண்டும். தேடிக்கொண்டிருக்கிறேன்.